ஜாக்கெட் அப்புறம், முதலில் வீடு: டாஸ்மானியா போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவில் இருக்கிற டாஸ்மானியாவுக்குப் போகப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஜாக்கெட்டைப் பற்றித்தான். எங்கே வாங்கலாம், ஆளுக்கு எத்தனை, பாண்டி நேரு வீதியில் கிடைக்குமா, சென்னைக்குத்தான் போக வேண்டுமா என்று வரிசையாகக் கேட்பார்கள். மார்கழியில் இருபது டிகிரிக்கு இறங்கினாலே மங்கி கேப் மாட்டிக்கொண்டு சில்வர் பீச்சில் நடக்கிற ஊர் நம் கடலூர். அதனால் அந்தப் பயம் நியாயம்தான். சில ஆண்டுகள் குடும்பத்தோடு டாஸ்மானியாவின் தலைநகரான ஹோபார்ட்டில் இருந்துவிட்டு, மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனதால் மஞ்சக்குப்பத்துக்கே திரும்பி வந்தவள் நான். என்னைக் கேட்டால், ஜாக்கெட் கடைசியாகக் கவலைப்பட வேண்டிய விஷயம். வெளியே இருக்கிற குளிரை அது பார்த்துக்கொள்ளும். வீட்டுக்குள் இருக்கிற குளிருக்குத்தான் யாரும் நம்மைத் தயார் செய்து அனுப்புவதில்லை.

பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். சொந்தத்தில் ஒருவராவது பிரான்சில் இருப்பார். "வெளிய மைனஸ்ல இருக்கும், வீட்டுக்குள்ள டி-ஷர்ட்தான்" என்று சித்தப்பாவோ பெரியம்மாவோ சொன்னதைக் கேட்டே வளர்ந்திருப்போம். முத்தியால்பேட்டையில் பிறந்த நானும் அதை நம்பித்தான் விமானம் ஏறினேன். பாரிஸ் அடுக்குமாடிகளில் கட்டடம் முழுவதையும் சூடேற்றுகிற ஏற்பாடு பரவலாக உண்டு. டாஸ்மானியாவில் பெரும்பாலும் தனி வீடுகள். பழைய வீடு என்றால் பலகைச் சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், ஹாலில் மட்டும் ஒரு ஹீட்டர். ஹோபார்ட்டில் ஜூலை மாதம் பகலில் சராசரியாக 12 டிகிரி வரை ஏறும், இரவில் நாலைந்துக்கு இறங்கும். எண்ணாகப் பார்த்தால் ஐரோப்பாவுக்கு முன்னால் இது ஒன்றுமில்லை. ஆனால் விடியற்காலையில் படுக்கையறையிலேயே ஒன்பது, பத்து டிகிரி இருந்தால், போர்வைக்குள்ளிருந்து காலை வெளியே வைக்க மனசு வராது.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஆஸ்திரேலியாவின் தென்கோடியில், பாஸ் நீரிணைக்கு அப்பால் இருக்கிற தீவு மாநிலம் இது. பரப்பில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதி. 2021 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகையே ஐந்தரை லட்சத்துக்குச் சற்று மேல்தான். நம் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 2011-இல் 26 லட்சம் பேர். நம் ஆட்கள் அங்கே போவதற்குப் பெரிய காரணம் விசாதான். மாநிலம் முழுவதையும் 'ரீஜனல்', அதாவது சிட்னி, மெல்போர்ன் போன்ற பெருநகரம் அல்லாத பகுதியாகக் கணக்கிடுகிறார்கள். மாநிலம் பரிந்துரைத்தால், விசாவுக்கான தகுதிப் புள்ளிக் கணக்கில் 491 என்ற விசாவுக்கு 15 புள்ளி, 190 என்ற விசாவுக்கு 5 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். 190 நேராக நிரந்தர விசா. 491 ஐந்தாண்டு தற்காலிக விசா. 491-இல் போனால் ரீஜனல் பகுதியில் மூன்றாண்டு இருந்து நிபந்தனைகளை முடித்த பிறகுதான் 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமலேயே பணம் வாங்கிக்கொண்ட ஒரு ஏஜென்டிடம் எங்களுக்குத் தெரிந்த குடும்பம் மாட்டியது. ஆஸ்திரேலியக் குடியேற்ற ஆலோசகர்களுக்கு அந்நாட்டு அரசின் பதிவு எண் உண்டு, அதை இணையத்தில் சரிபார்க்கலாம். பதிவு எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

கடலூரில் வீடு தேடும்போது நாம் பார்ப்பது வெயில் உள்ளே வராமல் இருக்கிறதா, கடல் காற்று வருகிறதா என்பதைத்தான். சன்ஷேட் போடுகிறோம், மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கிறோம், ஜன்னலை நாளெல்லாம் திறந்து வைக்கிறோம். அங்கே அத்தனையும் தலைகீழ். பூமியின் தென்பாதியில் சூரியன் வடக்கு வானத்தில் போகிறது. ஹோபார்ட்டில் ஜூன் மாத நண்பகலில்கூட அது அடிவானத்திலிருந்து 24 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. அந்தச் சாய்ந்த வெயில் வீட்டுக்குள் விழ வேண்டுமென்றால் ஹாலின் பெரிய ஜன்னல் வடக்கே பார்த்திருக்க வேண்டும். வீட்டு விளம்பரங்களில் 'வடக்குப் பார்த்தது' என்பதைத் தனியாகக் குறிப்பிட்டு வாடகையும் கூட்டிக் கேட்பார்கள். கொடுக்கலாம். வாஸ்து பார்க்கிறவர்களுக்கும் வசதிதான், குபேரன் திசை.

திசை மட்டும் போதாது, மலையையும் பார்க்க வேண்டும். ஹோபார்ட்டுக்கு மேற்கே 1,271 மீட்டர் உயரத்தில் குனானி மலை நிற்கிறது. ஆங்கிலத்தில் மவுண்ட் வெலிங்டன். அதன் அடிவாரத்துத் தெருக்கள் சிலவற்றில் குளிர்காலத்தில் மூன்று மணிக்கெல்லாம் வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். எங்களுடைய முதல் வாடகை வீடு அப்படி ஒரு தெற்குச் சரிவில் இருந்தது. அழகான வீடு, கீழே டெர்வென்ட் ஆறு தெரியும். வெயில் மட்டும் எதிர்வீட்டுக்காரர்களுக்குத்தான். அவர்கள் ஜன்னலுக்குக் கீழே பூனை வெயில் காய்ந்துகொண்டிருப்பதை நான் ஸ்வெட்டரோடு பார்த்துக்கொண்டிருப்பேன். வீடு பார்க்கப் போகிறீர்கள் என்றால் மதியம் இரண்டு, மூன்று மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில் ஹாலில் வெயில் விழவில்லை என்றால் குளிர்காலத்தில் விழும் என்று நம்ப முடியாது.

உள்ளே நுழைந்ததும் சமையலறையை அப்புறம் பார்க்கலாம். முதலில் தெற்குப் பக்கப் படுக்கையறையின் துணி அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஈர வாடை வந்தால் அங்கே பூசணம் இருக்கிறது. ஜன்னல் சட்டத்தின் கீழ் விளிம்பில் கறுப்புப் புள்ளிகள் இருக்கிறதா, மூலையில் பெயின்ட் மட்டும் புதிதாக அடித்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி இரட்டையா என்று தெரிய, கைபேசி விளக்கை அருகே காட்டினால் போதும். பிம்பங்கள் இரண்டு ஜோடியாகத் தெரிந்தால் இரட்டைக் கண்ணாடி. கூரைக்கு மேல் சூடு வெளியேறாமல் தடுக்கிற இன்சுலேஷன் போட்டிருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். வாடகை வீட்டின் முக்கிய அறையில் சூடேற்றும் கருவி கட்டாயம் இருக்க வேண்டும் என்பது டாஸ்மானியச் சட்டம். ஆனால் ஹாலில் ஒன்று இருந்தாலே சட்டத்துக்குப் போதும். பிள்ளைகள் தூங்குகிற அறையைப் பற்றி அது கவலைப்படாது.

வாடகை வாரக் கணக்கில். மூன்று படுக்கையறை வீடு ஹோபார்ட்டில் வாரத்துக்கு 500 டாலரைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. முன்பணத்தை 'பாண்ட்' என்பார்கள். நான்கு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அது வீட்டுக்காரர் கையில் இருக்காது, அரசின் வாடகை வைப்பு அமைப்பில் இருக்கும். நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது ஆறுதலான செய்தி. குடி போகும்போது வீட்டின் நிலையை எழுதிய அறிக்கை ஒன்று தருவார்கள். அதில் ஒவ்வொரு கறையையும் படமெடுத்துச் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். எங்கள் வீட்டுச் சமையலறையில் எக்ஸாஸ்ட் விசிறி ஓடவில்லை. எழுதிப் போட்டோம், வாடகை ஏஜென்சி மாதக்கணக்கில் இழுத்தடித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வரும்போது மட்டும் ஜன்னல் விளிம்பில் இருந்த பூசணத்தைப் படமெடுத்து, சுத்தமாக வைத்திருக்கவில்லை என்று எங்கள் மேலேயே எழுதியது. எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதி வைத்திருந்ததால்தான் பாண்ட் முழுதாகத் திரும்பி வந்தது. போனில் பேசியதற்கு அங்கே மதிப்பில்லை.

பூசணம் எங்கிருந்து வருகிறது என்றால், நம் வாழ்க்கை முறையிலிருந்துதான் பாதி வருகிறது. இட்லிப் பானை, சோறு வடித்த கஞ்சி, ரசம் கொதிக்கிற ஆவி, இரண்டு வேளை வெந்நீர்க் குளியல், ஹாலில் கொடி கட்டி உலர்த்துகிற துணி. கடலூரில் இந்த ஈரமெல்லாம் ஜன்னல் வழியாகப் போய்விடும். அங்கே மூடிய வீட்டில் அது கண்ணாடியில் போய் நீராகப் படியும். காலையில் ஜன்னல் விளிம்பில் நீர் கோடாகத் தேங்கி நிற்கும். விட்டால் ஒரு மாதத்தில் திரைச்சீலையில் ஏறி, அப்புறம் பட்டுப்புடவைப் பெட்டிக்கும் போய்ச் சேரும். சமைக்கும்போது மூடி போட்டுச் சமையுங்கள், எக்ஸாஸ்ட்டை ஓட விடுங்கள். குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுக் குளியுங்கள். தினமும் ஒரு பத்து நிமிடம் வீட்டின் இரண்டு பக்க ஜன்னலையும் சேர்த்துத் திறங்கள். குளிரில் ஜன்னலைத் திறப்பதா என்று தோன்றும். சுவரிலும் சாமான்களிலும் இருக்கிற சூடு பத்து நிமிடத்தில் போய்விடாது, ஈரக்காற்று மட்டும் வெளியேறிவிடும். அலமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரை ஒட்டிப் போடாதீர்கள், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஈரம் உறிஞ்சும் மின்கருவி ஒன்றை வாங்கிவிட்டால் துணி உலர்த்துகிற பிரச்சினையும் பாதி தீரும்.

ஏசியை அங்கே 'ஹீட் பம்ப்' என்பார்கள். நம் ஏசிதான், திருப்பி ஓட்டுகிறார்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்குக்கூடச் சூடு தரும். பிளக்கில் மாட்டுகிற சின்ன ஹீட்டர் ஒன்றுக்கு ஒன்றுதான் தரும். பல வீடுகளில் விளக்கு, பிளக்குக்கு டாரிஃப் 31 என்று ஒரு கட்டணம், சுவரோடு நிரந்தரமாக இணைத்த ஹீட் பம்ப்புக்கும் வெந்நீருக்கும் டாரிஃப் 41 என்று அதைவிடக் குறைந்த கட்டணம். ஆக, நூறு டாலருக்குள் மலிவாகக் கிடைக்கிறதே என்று அறைக்கொரு சின்ன ஹீட்டர் வாங்கினால் பில்லில் இரண்டு பக்கமும் அடி விழும். டாரிஃப் 93 என்று நேரத்துக்கு ஏற்ப மாறுகிற கட்டணமும் உண்டு. அதில் வேலை நாட்களில் காலை 7 முதல் 10, மாலை 4 முதல் 9 வரை விலை அதிகம், மற்ற நேரமும் சனி, ஞாயிறும் குறைவு. வீட்டில் ஒருவர் இருக்கிற குடும்பம் என்றால் மாவு அரைப்பது, துணி துவைப்பது எல்லாவற்றையும் நடுப்பகலுக்குத் தள்ளிவிடலாம்.

வெப்பநிலையை 20, 21-இல் வைத்தால் போதும். நம் ஆட்கள் 28-இல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டிருப்பார்கள், வாசற்கதவைச் சாத்தினால் வீடு செத்த வீடு என்று பழகிவிட்டோம் அல்லவா. மாலை இருட்டுவதற்கு முன் கனமான திரையை இழுத்து விடுங்கள். கதவடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தால் காற்று நிற்கும். படுக்கைக்கு எலெக்ட்ரிக் பிளாங்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். தூங்குவதற்கு அரை மணி முன்னால் போட்டுவிட்டு, படுத்ததும் அணைத்துவிடலாம். செலவும் மிகக் குறைவு. விறகு அடுப்பு உள்ள வீடும் உண்டு. சூடு அருமையாக இருக்கும். ஆனால் விறகைக் கோடையிலேயே டன் கணக்கில் வாங்கி உலர்த்தி வைக்க வேண்டும். ஜூனில் வாங்கினால் பச்சை விறகுதான் வந்து சேரும், புகைதான் மிச்சம்.

சமையலறையில் இன்னொன்று. வாடகை வீடுகளில் ஸ்மோக் அலாரம் கட்டாயம். மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் அது அலறும், பக்கத்து வீட்டு நாய் சேர்ந்து குரைக்கும். தாளிப்பதற்கு முன்பே எக்ஸாஸ்ட்டைப் போட்டுவிட்டு ஹால் கதவைச் சாத்துவது பழக்கமாகிவிடும். இட்லி மாவு குளிர்காலத்தில் வெளியே வைத்தால் இரண்டு நாளானாலும் பொங்காது. ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் விடிவதற்குள் பொங்கி நிற்கும். வெந்நீர்த் தொட்டி வீட்டுக்குள் அலமாரியில் இருந்தால் அதற்குப் பக்கத்தில் வைப்பது அதைவிட நல்லது. தேங்காய் எண்ணெய் வருஷத்தில் முக்கால்வாசி நாள் கட்டியாகத்தான் இருக்கும், அகலமான வாயுள்ள பாட்டிலில் ஊற்றி வையுங்கள். கிரைண்டரைத் தாராளமாகக் கொண்டு போகலாம். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். பிளக்கின் வடிவம் மட்டும் மாறும்.

கொண்டு போகக் கூடாதது வேறு. போன மாதம் நெல்லிக்குப்பத்தில் ஒரு நர்ஸ் வீட்டுக்குப் போயிருந்தேன், பெட்டி கட்ட உதவி கேட்டிருந்தாள். அவள் மாமியார் கூடம் முழுக்கப் பாய் விரித்து வரமிளகாய், மல்லி விதை, சீரகம், துவரம்பருப்பு எல்லாவற்றையும் காயவைத்து, கிலோ கிலோவாகத் துணிப்பையில் கட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு பையிலும் பேனாவால் பெயர் வேறு.

"இதுல எதுவும் போகாதும்மா" என்றேன்.

"ஏன், எம் புள்ள வெறுஞ்சோத்தையா திங்கும்?" என்றார்.

காப்ரா வண்டு என்று ஒன்று இருக்கிறது. சேமித்து வைத்த தானியத்தை மாவாக்கிவிடுகிற வண்டு, நம் பக்கத்துப் பூச்சிதான். ஆஸ்திரேலியாவில் அது கிடையாது, வரவும் விடமாட்டார்கள். அதற்காகவே பயணிகள் அரிசி, பருப்பு வகைகள், கொண்டைக்கடலை, மல்லி, சீரகம், வரமிளகாய், வேர்க்கடலை போன்றவற்றைப் பெட்டியில் கொண்டு வருவதைத் தடை செய்திருக்கிறார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. மற்ற உணவு எதுவாக இருந்தாலும் விமானத்தில் தருகிற படிவத்தில் 'ஆம்' என்று போட்டுவிட்டு அதிகாரியிடம் காட்டிவிடுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் எடுத்துப் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். மறைத்து மாட்டினால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம். தற்காலிக விசாவில் போகிறவர்களுக்கு விசாவே ரத்தாகலாம். வறுத்து பாக்கெட்டில் அடைத்த பண்ருட்டி முந்திரியை நாங்கள் எழுதிக்காட்டித்தான் எடுத்துப் போனோம். பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்த மாமியாரைச் சமாதானப்படுத்த நேரமாயிற்று. அங்கேயே எல்லாம் கிடைக்கிறது என்று கடையின் படத்தைக் கைபேசியில் காட்டிய பிறகுதான் முடிச்சை அவிழ்த்தார். ஹோபார்ட்டில் மூனா பக்கம் இந்திய மளிகைக் கடைகள் உண்டு. டாஸ்மானியாவில் நேபாளிகள் நிறையப் பேர். துவரம்பருப்பிலிருந்து வெந்தயம்வரை அவர்கள் கடைகளிலும் வாங்கலாம்.

விமானம் மாறுகிற மெல்போர்னில் தப்பித்தோம் என்று இருந்துவிடாதீர்கள், டாஸ்மானியாவுக்குத் தனிச் சோதனை உண்டு. அந்தத் தீவில் பழ ஈ இல்லை என்பதால், மெல்போர்னிலிருந்து வருகிறவர்கூடப் பழமோ காய்கறியோ கொண்டு வரக் கூடாது. ஹோபார்ட் விமான நிலையத்தில் பெட்டி வருகிற இடத்தில் மோப்ப நாய் சுற்றும். பிள்ளையின் பையில் வாழைப்பழம் இருந்தால் பக்கத்தில் வந்து அமைதியாக உட்காரும். முன்னாலேயே அங்குள்ள தொட்டியில் போட்டுவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

துணியைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு தடிமனான ஜாக்கெட்டைவிட, மெல்லிதாக மூன்று அடுக்கு மேல். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்றும் மழையும் புகாத ஒன்று. ஒரே நாளில் வெயில், மழை, ஆலங்கட்டி எல்லாம் வரும், கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். ஊரில் வாங்காதீர்கள். அங்கே தொண்டு அமைப்புகள் நடத்துகிற பழைய பொருள் கடைகளில் நல்ல கம்பளிக் கோட்டு பத்து, இருபது டாலருக்குக் கிடைக்கும். பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒரு சைஸ் ஏறும்போது புதிது வாங்குவது வீண்.

குளிரைவிட இருட்டுதான் பெண்களை அதிகம் வாட்டுகிறது என்பது என் அபிப்பிராயம், குறிப்பாக வேலை கிடைக்கும்வரை வீட்டில் இருக்கிறவர்களை. ஜூன் கடைசியில் சூரியன் எழ ஏழே முக்கால் ஆகும், மாலை ஐந்துக்கு முன்பே போய்விடும். கடலூரில் எந்த மாதமானாலும் பகல் பதினொன்றேகால் மணி நேரத்துக்குக் குறைவதில்லை, அங்கே ஒன்பது மணி நேரம்தான். மாலை ஐந்துக்கு ஊருக்குப் போன் போட்டால் இங்கே மதியம் பன்னிரண்டரை, எல்லோரும் சுறுசுறுப்பாக இருப்பார்கள், அங்கே இருட்டத் தொடங்கியிருக்கும். மனசு கனக்கும். தினமும் நண்பகலில் அரை மணியாவது வெளியே போய்விடுங்கள், தூறினாலும். நம் நிறத்துக்கு அந்தக் குளிர்கால வெயிலில் வைட்டமின் டி போதாது, மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்கள் இருட்டைக் கொண்டாடவே ஜூனில் ஒரு திருவிழா வைத்திருக்கிறார்கள். ஆண்டின் மிக நீண்ட இரவு முடிகிற விடியலில் ஆயிரக்கணக்கானோர் பிறந்த மேனியாக டெர்வென்ட் ஆற்றில் குதிப்பார்கள். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் முழுக்குப் போட்ட அனுபவம் இதற்கு உதவாது.

கோடைக்கு இதற்கு நேர் எதிர்க் கதை. டிசம்பரில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம். இருபது டிகிரிதானே என்று தொப்பியில்லாமல் போனால் தோல் எரிந்துவிடும், அங்கே புற ஊதாக் கதிர் அவ்வளவு கடுமை. பள்ளிக்கூடங்களில் கோடைப் பருவங்களில் தொப்பி இல்லாத பிள்ளையை வெயிலில் விளையாட விடமாட்டார்கள். ஹோபார்ட்டில் 2013 ஜனவரி 4 அன்று 41.8 டிகிரி பதிவானது, அதே நாட்களில் பக்கத்து ஊர்களில் பெரும் காட்டுத்தீ. 1967 பிப்ரவரி 7-இல் தீ ஹோபார்ட்டின் புறநகர்வரை வந்து அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருக்கிறது. தானே புயலைப் பார்த்த நமக்குப் புயல் எச்சரிக்கைக் கூண்டு தெரியும். அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது தீ எச்சரிக்கைப் பலகை. புதர்க்காட்டை ஒட்டிய வீடு என்றால், வெளியேறுகிற பாதை எது என்று குடி போன வாரமே பார்த்து வையுங்கள்.

கார் இல்லாமல் முடியாது. பயணிகள் ரயில் 1978-லேயே நின்றுபோயிற்று, பஸ் நகரத்துக்குள் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை சிரமம். இருட்டுகிற நேரத்தில் வாலபி என்கிற சின்னக் கங்காருகள் சாலைக்குள் பாயும், ஊருக்கு வெளியே அந்த நேரத்தில் வேகத்தைக் குறையுங்கள். குளிர்காலக் காலையில் கார்க் கண்ணாடியில் பனி உறைந்திருக்கும். கொதிக்கிற நீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். குழாய்த் தண்ணீரை ஊற்றி, பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளினால் வந்துவிடும்.

பிள்ளைகளின் படிப்பு பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நம் குடும்பங்கள் இங்கே முழுப்பரீட்சை முடித்து மே, ஜூனில் கிளம்புவார்கள். அதுதான் மிக மோசமான நேரம். குளிர், இருட்டு, வீடு தேடல், புதுப் பள்ளி எல்லாம் ஒன்றாக வந்து விழும். முடிந்தால் செப்டம்பர் கடைசியில் அல்லது அக்டோபரில் போங்கள். கடைசிப் பருவத்தில் பிள்ளை மொழிக்குப் பழகிக்கொள்ளும், பிப்ரவரியில் புது வகுப்பில் எல்லோரோடும் சேர்ந்து தொடங்கும். வயதைப் பார்த்துத்தான் வகுப்பு: ஜனவரி 1-இல் நான்கு முடிந்திருந்தால் கிண்டர், ஐந்து முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்புக்கு முந்திய பிரெப். பதினொன்று, பன்னிரண்டுக்குப் பல ஊர்களில் 'காலேஜ்' என்று தனிப் பள்ளி. தடுப்பூசி அட்டையை ஆங்கிலத்தில் மருத்துவர் கையெழுத்தோடு எடுத்துப் போங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கிறதா, வெறும் இனிஷியலாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆளுக்கு ஒரு மாதிரி இருந்தால், ஒரே குடும்பம் என்று நிரூபிப்பதே ஒரு வேலையாகிவிடும்.

பல், கண்ணாடி வேலைகளை இங்கேயே முடித்துவிடுங்கள். அங்கே பல் மருத்துவம் மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீட்டில் பெரியவர்களுக்கு வராது, கைக்காசுதான். ஆளுக்கு இரண்டு கண்ணாடி எடுத்துக்கொள்ளலாம். தினமும் சாப்பிடுகிற மருந்து என்றால் மூன்று மாத அளவுக்கு மேல் கூடாது, மருத்துவரின் சீட்டும் கூட வேண்டும். சிறப்பு மருத்துவரை நேராகப் போய்ப் பார்க்க முடியாது, குடும்ப மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும். புதிதாக வந்தவர்களைச் சேர்த்துக்கொள்கிற கிளினிக் கிடைப்பதே அங்கே சிரமம். உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒன்றில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

வேலை விஷயத்தில் மட்டும் பூசி மெழுகமாட்டேன். சிறிய ஊர், வேலைகளும் குறைவு. நர்ஸ், முதியோர் பராமரிப்பு, சமையல், ஆசிரியர் என்றால் கிடைத்துவிடும். ஐ.டி. என்று போகிற கணவர்கள் பலர் மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு மெல்போர்னையே பார்க்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். 491-இல் மெல்போர்ன் போக முடியாது, அது ரீஜனல் இல்லை. ஒருவர் கையிலாவது வேலைக் கடிதம் இருந்தால் கிளம்புங்கள். இல்லையென்றால் ஆறு மாத வாடகையும் சாப்பாடும் தாங்குகிற பணமாவது கையில் இருக்க வேண்டும்.

நம் கடலூர்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. கடலில் தூண்டில் போட அங்கே லைசென்ஸ் வேண்டாம். ஃபிளாட்ஹெட் என்று ஒரு தட்டைத் தலை மீன் கரையோரமே மாட்டும். முள் குறைவு, குழம்புக்கு நன்றாக நிற்கும். எத்தனை பிடிக்கலாம், எந்த நீளத்தில் பிடிக்கலாம் என்று கணக்கு உண்டு, அளவுகோல் இல்லாமல் போகாதீர்கள். வஞ்சிரம் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்ள என் வீட்டுக்காரருக்குத்தான் கொஞ்ச காலம் பிடித்தது.

பெற்றோரை அழைப்பது பற்றிக் கடைசியாக. பேரப்பிள்ளை பிறக்கிற தேதியைப் பார்த்து ஜூலையில் கூட்டிப் போகிறவர்கள் உண்டு. அவசியம் இல்லையென்றால் வேண்டாம். மூட்டுவலியோடு நான்கு சுவருக்குள் அவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாது. டிசம்பரிலிருந்து மார்ச்வரை வரட்டும், பொங்கலை அங்கே வெயிலில் வைக்கலாம். வடக்குப் பக்க அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் தெற்கே போங்கள். மருத்துவக் காப்பீடு எடுக்காமல் ஏற்றாதீர்கள், அங்கே ஒரு ராத்திரி ஆஸ்பத்திரிச் செலவே நம் சேமிப்பைத் தின்றுவிடும். இந்தியாவிலிருந்து ஹோபார்ட்டுக்கு நேர் விமானம் இல்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர், அங்கிருந்து மெல்போர்ன், பிறகு ஒன்றேகால் மணி நேரம் உள்நாட்டு விமானம். குடியேற்றம், பெட்டி எடுப்பது, உணவுச் சோதனை எல்லாம் மெல்போர்னிலேயே முடிந்துவிடும். அதற்கு இரண்டு மணி நேர இடைவெளி போதாது, நான்கு மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடுங்கள். நடக்க முடிகிறவர்களாக இருந்தாலும் சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். ஆங்கிலம் தெரியாத பெரியவர்களைக் கையோடு கூட்டிப் போய் அடுத்த விமானத்தின் வாசலில் விடுகிற ஆள் அதோடு சேர்ந்தே வந்துவிடுவார்.